நாலாம் நிறுத்தத்தில் சிறுத்தை கிடையாது

ஒரு காட்டில் நல்ல சிக்னல் இருந்தது. அதனால் அங்கே யாருக்கும் நிம்மதி இல்லை.

அந்தக் காட்டின் நடுவில் மொட்டைமுடி என்று ஒரு மலை. முன்னெல்லாம் அதில் ஏறினவர்கள் துரத்தப்பட்டு ஏறினார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமையானால் தொப்பி போட்டுக்கொண்டு, தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டுக்கொண்டு, யாரும் துரத்தாமலேயே ஏறுகிறார்கள். பாதி வழியில் மூச்சு வாங்க நின்று ஒரு போட்டோ எடுத்து, 'இயற்கையோடு ஒன்றிய தருணம்' என்று போடுகிறார்கள். போடுவது யார்? மரப்பொந்தில் பிறந்து புதரில் வளர்ந்த பிராணிகள்.

மலைப்பாதையில் மொத்தம் ஏழு நிறுத்தங்கள். எது எங்கே இருக்கிறது என்று காட்ட 'நம்ம காடு' என்று ஒரு மேப். யார் வேண்டுமானாலும் போனில் திறக்கலாம், யார் வேண்டுமானாலும் பெயர் எழுதலாம், யார் வேண்டுமானாலும் அழிக்கலாம். ஊர் கூடித் தேர் இழுக்கிறோம் என்றுதான் ஆரம்பித்தார்கள். தேராவது ஒரு பக்கம் போகும். இது ஆளுக்கொரு பக்கம் போனது. முதல் நிறுத்தத்துக்குக் குரங்குகள் 'எங்க சித்தப்பா வழுக்கி விழுந்த இடம்' என்று பெயர் வைத்தன. இரண்டாம் நிறுத்தம் வெறும் சேற்றுக்குழி. காட்டுப்பன்றிகள் அதற்கு 'ஸ்பா' என்று போட்டு, பக்கத்திலேயே 'முன்பதிவு அவசியம்' என்றும் எழுதின. மூன்றாம் நிறுத்தத்தின் பெயர் 'ஐ லவ் யூ மைவிழி'. யார் எழுதியது என்று தெரியாது. மைவிழிக்குத் தெரியும். கேட்டால் சிரிக்கிறாள்.

இதையெல்லாம் திருத்துவதற்கென்றே பிறந்தவன் மாதிரி ஒருவன் இருந்தான். பெயர் சுருளாண்டி. அலங்கு. எறும்புதின்னி என்றால் சட்டென்று புரியும். தலை முதல் வால் வரைக்கும் செதில். நாக்கு முழ நீளம். ஆனால் அதை வைத்துக்கொண்டு எதிர்த்து ஒரு வார்த்தை பேசத் தெரியாது. யாராவது குரலை உயர்த்தினால் போதும், அப்படியே பந்தாகச் சுருண்டுவிடுவான். அப்புறம் பக்கத்துப் புதர்க் கோமளம் வந்து முதுகில் இரண்டு தட்டு தட்டி, "அண்ணே, போயிட்டாங்க, விரி" என்று சொன்னால்தான் விரிவான்.

கோமளம் ஒரு சருகுமான். முயல் உயரம், மான் முகம், யானைக்கும் இல்லாத தைரியம். காட்டில் அவனை 'அண்ணே' என்று கூப்பிட அவள் ஒருத்திதான் இருந்தாள். மற்றவர்களுக்கெல்லாம் அவன் 'ஏய் பந்து'.

சுருளாண்டி சும்மா உட்கார்ந்த இடத்திலிருந்து திருத்துகிற ரகம் இல்லை. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நடந்தே போவான். மோந்து பார்ப்பான். அடி எண்ணுவான். 'வழுக்குப்பாறை', 'சேற்றுக்குழி', 'இரட்டை மருதமரம்' என்று உள்ளதை உள்ளபடி எழுதுவான். மறுநாள் குரங்குகள் சித்தப்பாவை மறுபடி கொண்டுவந்து வைக்கும். இவன் எடுப்பான். சித்தப்பா அந்த மாதத்தில் மட்டும் பதினேழு முறை விழுந்தார்.

இப்படியே ஏறி ஏறி, ஒருநாள் நாலாம் நிறுத்தத்துக்கு வந்தான்.

மூன்றாம் நிறுத்தத்தைத் தாண்டினால் பாதை இரண்டாகப் பிரியும். வலது பக்கம் ஓடையைச் சுற்றிக்கொண்டு போகும் நீளப் பாதை. இடது பக்கம் குறுக்குவழி. அதில்தான் நாலாம் நிறுத்தம். மேப்பில் அதன் பெயர் இப்படி இருந்தது: 'குளுகுளு ஓய்வுக்குகை. குடிதண்ணீர் உண்டு. குடும்பத்துடன் வரவும்.' எழுதியவர் பெயர் 'பசுமைநண்பன்'. ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம். கீழே நான்கு பேர் கருத்து எழுதியிருந்தார்கள்.

'அருமையான இடம். வந்தவர்கள் யாரும் திரும்பிப் போக விரும்புவதில்லை.'

'குண்டாக இருப்பவர்களுக்குத் தனி மரியாதை.'

'முயல் நண்பர்களே, ஏன் தயக்கம்?'

நாலாவது கருத்தில் வெறும் 'ம்ம்ம்ம்' என்று மட்டும் இருந்தது.

சுருளாண்டி குகை வாசலில் நின்று மோந்து பார்த்தான். வாசலில் எலும்பு. எலும்புக்குப் பக்கத்தில் ஒரு தொப்பி. தொப்பிக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டில். உள்ளேயிருந்து குறட்டை. குறட்டை விடுகிற வால் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது; வாலெல்லாம் புள்ளி. காளிங்கன் என்கிற சிறுத்தையின் வால் அது. வாலுக்குப் பக்கத்திலேயே ஒரு போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

வந்த வழியே, வந்ததைவிட வேகமாக இறங்கினான் சுருளாண்டி. மேப்பைத் திறந்தான். 'நிறுத்தம் 4: சிறுத்தைக் குகை. போகாதீர்கள்' என்று மாற்றினான். ஐந்து நிமிடத்தில் அழிந்துபோனது. மறுபடி எழுதினான். மறுபடி அழிந்தது. மூன்றாம் முறை, தலைமைத் தொகுப்பாளரிடமிருந்து அழைப்பு வந்தது.

தலைமைத் தொகுப்பாளர் நீலமேகம் ஒரு கிணற்றுத் தவளை. பிறந்ததிலிருந்து கிணற்றை விட்டு வெளியே வந்தது கிடையாது. எந்த இடத்தையும் பார்த்ததில்லை என்பதால் எந்த இடத்தின் மீதும் பாரபட்சம் இல்லாதவர் என்று, ஏகமனதாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

"நிறுத்தம் நான்கில் சிறுத்தை இருப்பதாக எழுதியிருக்கிறீர்" என்றது கிணற்றுக்குள்ளிருந்து குரல். "விதி ஒன்பது தெரியுமா உமக்கு?"

"தெரியுமுங்க. நேர்ல போய்ட்டுத் திரும்பின ரெண்டு பேரு சாட்சி சொல்லணும்."

"நீர் உள்ளே போனீரா?"

"வாசல் வரைக்கும் போனேனுங்க. எலும்பு கெடந்துச்சு."

"எலும்பு உமது சொந்த ஊகம். உள்ளே போய்த் திரும்பிய இருவரைக் கூட்டி வாரும்."

"உள்ள போனவங்க யாரும் திரும்பலீங்களே!"

"அப்படியானால் அவர்கள் தரப்பில் புகார் எதுவும் இல்லை என்று ஆகிறது."

சுருளாண்டிக்கு வாய் வரைக்கும் பதில் வந்தது. ஆனால் தவளை 'ஆகிறது' என்பதைக் கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டது. கிணற்றடியிலேயே சுருண்டான். கோமளம் வந்துதான் விரித்தாள்.

"என்ன அண்ணே, இன்னிக்கு யாரு?"

"தவளை."

"தவளைக்கெல்லாமா சுருளுவே? சரி எந்திரி. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். இந்த ஞாயித்துக்கிழமை எங்க மகளிர் மலையேற்றக் குழு மேல போவுது. பதினாறு பேரு. நான்தான் முன்னாடி போறேன். குறுக்குவழி. நாலாம் நிறுத்தத்துல உக்காந்து புளிச்சோறு."

சுருளாண்டியின் செதில் ஒவ்வொன்றும் தனித்தனியாக நடுங்கியது.

"கோமளம், அங்க போவாதே. அது சிறுத்தைக் குகை."

"மேப்புல ஓய்வுக்குகைன்னுல்ல போட்டிருக்கு?"

"மேப்பு கெடக்குது. நான் கண்ணால பாத்தேன். வாலு. புள்ளி."

"அஞ்சு ஸ்டாரு அண்ணே. நாலு பேரு நல்லாருக்குன்னு சொல்லியிருக்காங்க. நீ ஒருத்தன் வேணாங்கறே."

"அந்த நாலு பேரும் ஒரே ஆளு!"

"ஆதாரம் இருக்கா?" என்றாள் கோமளம். அவள் அன்பாகத்தான் கேட்டாள். இருந்தாலும் அவன் பாதி சுருண்டுவிட்டான். "நீ தப்பா நெனைக்காதே அண்ணே. உன் மேல எனக்கு நம்பிக்கை இருக்கு. ஆனா பதினாறு பேருக்கு நான் என்ன பதில் சொல்ல? எங்க அண்ணன் மோந்து பாத்தாருன்னா?"

சரி, ஆதாரம்தானே? மறுநாள் விடிந்ததும் சுருளாண்டி போனை எடுத்துக்கொண்டு மேலே போனான். குகைக்கு எதிரே ஒரு பாறையில் போனைச் சாய்த்து வைத்து, பத்து விநாடிக்கு டைமர் வைத்தான். குகை, எலும்பு, வால் எல்லாம் ஒரே படத்தில் வர வேண்டும் என்று கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தான். ஒன்பதாவது விநாடியில் காளிங்கன் கொட்டாவி விட்டுக்கொண்டு வெளியே வந்தது. பத்தாவது விநாடியில் சுருளாண்டி, சரியாகப் போனுக்கு முன்னால், பந்தானான்.

க்ளிக்.

"இது என்னடா, தேங்காயா?" என்று காளிங்கன் ஒரு கடி கடித்துப் பார்த்தது. பல் வலித்தது. ஒரு தட்டு தட்டியது. பந்து போய்ப் பாறையில் மோத, போனும் பந்துமாக ஒன்றாக உருண்டு மூன்றாம் நிறுத்தத்தில் வந்து நின்றன. படத்தைத் திறந்து பார்த்தான். படம் முழுக்க அவன் முதுகு. ஒரு மூலையில், உற்றுப் பார்த்தால் மட்டும், ஒரு புள்ளி.

இருக்கிற ஆதாரம் இதுதான் என்று அதையே போட்டான். மேப்பே கலகலத்தது.

'சூப்பர் பலாப்பழம்! என்ன ரகம் அண்ணா?'

'செம்பருத்தி வரிக்கை மாதிரி தெரியுது.'

'இந்தப் பலாப்பழத்தை வெறும் வயிற்றில் சாப்பிட்டால் மூட்டுவலி ஓடிவிடும். பத்து உறவினர்களுக்கு அனுப்பவும்.'

கடைசியாகப் பசுமைநண்பன்: 'ஆமாம் அன்பர்களே. பழுத்துவிட்டது. ஞாயிறு வந்தால் நானே உரித்துத் தருகிறேன்.'

மாலைக்குள் நாலாம் நிறுத்தத்தின் லேபிளில் 'பலாப்பழம் கிடைக்கும்' என்று சேர்ந்துகொண்டது. மகளிர் குழு பதினாறிலிருந்து இருபத்து மூன்றானது.

சனிக்கிழமை மத்தியானம். சுருளாண்டி பாதையோரப் புற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். எதிரில் புற்று நிறையக் கறையான், ஒன்று கூட இறங்கவில்லை. அப்போது இரண்டு முள்ளம்பன்றிகள் வந்தன. முன்னால் போன முள்ளம்பன்றி சட்டென்று நின்றது.

"இந்தப் பக்கம் வேணாம் மாப்ளே. ஆத்தங்கரையில பெயர்ப்பதிவுன்னு ஒரு மேசை போட்டு உக்காந்திருக்கானுங்க. படிவம் குடுப்பானுங்க."

"புலி ஏதாச்சும் நிக்குதோன்னு பயந்துட்டேன்."

"புலின்னா ஓடித் தப்பிச்சிரலாம் மாப்ளே. படிவத்துல அப்பா பேரு, தாத்தா பேருல்லாம் கேப்பான்."

இரண்டும் திரும்பி, மலையை ஒரு சுற்று சுற்றிக்கொண்டு போயின. ஒரு மேசைக்காக மூன்று மைல்.

சுருளாண்டி அந்த முட்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் போனை எடுத்தான். வாழ்க்கையில் முதல் முறையாக, கண்ணால் பார்க்காத ஒன்றை எழுதினான்.

'நிறுத்தம் 4: மலையேற்ற அனுமதி சரிபார்ப்புக் கவுண்டர். அசலும் இரண்டு நகல்களும் கொண்டு வரவும். நகலில் கையெழுத்து அவசியம்.'

எழுதி முடித்துவிட்டு, விதி ஒன்பதை எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். உடனே பதில் வந்தது.

'ஏற்கப்பட்டது. இப்படி ஒன்று அங்கே இருக்கும் என்று எனக்கு முன்பே தோன்றியது. நீலமேகம், தலைமைத் தொகுப்பாளர்.'

"சாட்சி வேண்டாமுங்களா?" என்று, கெட்ட நேரம், இவனே கேட்டும்விட்டான்.

'கவுண்டர் இருப்பதற்கு யாராவது சாட்சி கேட்பார்களா? இல்லை என்பதற்கு வேண்டுமானால் கேட்கலாம்.'

ஞாயிற்றுக்கிழமை காலை சுருளாண்டி இரட்டை மருதமரத்துக்குப் பின்னால் ஒளிந்து பார்த்தான். கோமளம் முன்னால், இருபத்திரண்டு பேர் பின்னால், புளிச்சோறு வாசனையோடு வந்தார்கள். பாதை பிரிகிற இடத்தில் கோமளம் போனைப் பார்த்தாள். நின்றாள்.

"ஐயய்யோ, ரெண்டு நகலாம்டி. யாராச்சும் எடுத்தாந்தீங்களா?"

"நான் அசலே எடுத்துட்டு வரல."

"கையெழுத்து வேற. எனக்குக் குளம்பு."

"அப்ப ஓடைப்பக்கமே போயிருவோம். நடந்தா உடம்புக்கு நல்லதுதான்."

இருபத்து மூன்று பேரும் வலது பக்கம் திரும்பினார்கள். சுருளாண்டி அன்றைக்கு மூன்று புற்றைக் காலி செய்தான்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் 'நல்லதுக்காகப் பொய் சொல்லலாம்' என்று ஒரு நீதியைப் போட்டுவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போயிருக்கலாம். கதை முடியவில்லை.

குறுக்குவழியில் ஈ காக்கை இல்லை. இரண்டே வாரத்தில் காளிங்கனின் விலா எலும்பை எண்ணலாம் போல ஆகிவிட்டது. பசி பொறுக்காமல் மேப்பில் எழுதியது: 'இங்கே கவுண்டர் எதுவும் கிடையாது. நான் இங்கேயேதான் குடியிருக்கிறேன்.' தவளை பதில் போட்டது: 'குடியிருப்பவர் சம்பந்தப்பட்ட நபர். உமது சாட்சி செல்லாது.' காளிங்கன் போனைத் தூக்கி எறிந்தது. அப்புறம் போய் எடுத்து, கண்ணாடி உடைந்திருக்கிறதா என்று பார்த்தது.

இதற்குள் காட்டில் சிலருக்குக் கடமை உணர்ச்சி வந்துவிட்டது. கருமந்தி ஒன்று கேட்டது: 'கவுண்டர் இருக்கிறது என்றால் முத்திரை குத்துவார்கள்தானே?' இன்னொருவர்: 'ஆமாம், எங்க மச்சானுக்கு நீல மை.' மூன்றாமவர் லேபிளிலேயே சேர்த்தார்: 'முத்திரை இல்லாதவர்கள் உச்சிக்குப் போகக் கூடாது.' அதற்கு ஆதாரம்? நாலாம் நிறுத்தத்தில் கவுண்டர் இருப்பதே ஆதாரம். நாலாமவர், யாரோ தெரியவில்லை, சும்மா ஒரு அழகுக்கு: 'காலை ஆறு மணி முதல் டோக்கன்.'

சுருளாண்டி அழிக்க அழிக்க, 'ஆதாரமின்றி நீக்கம்' என்று தவளை திருப்பித் திருப்பி வைத்தது.

மூன்றாவது ஞாயிறு. காலை ஆறரை. கோமளத்திடமிருந்து செய்தி.

'அண்ணே நாலாம் நிறுத்தத்துல நிக்கறேன். குழுவுக்கு முத்திரை வாங்க. முதல் டோக்கன் எனக்குத்தான்!!! உனக்கும் துண்டு போட்டு இடம் பிடிச்சிருக்கேன் வா.'

அலங்கு ஓடி யாரும் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தார்கள்.

குகைக்கு முன்னால் வரிசை. முயல், கேளையாடு, மிளா, காட்டுக்கோழி, அந்த இரண்டு முள்ளம்பன்றிகள்கூட. எல்லார் கையிலும் இரண்டு நகல். அவரவராகவே இலையில் டோக்கன் எழுதி விநியோகித்திருந்தார்கள். வரிசை கலையாமலிருக்க ஒரு மிளா கொம்பை நீட்டிக்கொண்டு நின்றது. வாசலில் கிடந்த எலும்பை யாரோ ஓரமாக அடுக்கி, அதன்மேல் நகல்கள் பறக்காமலிருக்கக் கல் வைத்திருந்தார்கள்.

"ஓடுங்க! உள்ள இருக்கிறது சிறுத்தை!" என்று சுருளாண்டி கத்தினான். கத்தினது அவன்தானா என்று அவனுக்கே சந்தேகம்.

வரிசை திரும்பிப் பார்த்தது.

"பாத்தீங்களா, நடுவுல புகுறதுக்குப் புதுசா ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கான்."

"நாங்கெல்லாம் விடியறதுக்கு முன்னாடி வந்திருக்கோம், ஏய் பந்து! கடைசியில போய் நில்லு!"

"அவரு எங்க அண்ணன்!" என்று முன்னாலிருந்து கோமளம் குரல் கொடுத்தாள். "எனக்குப் பின்னாடி இடம் இருக்கு. கொஞ்சம் பதட்டப்படுவாரு, யாரும் சத்தம் போடாதீங்க."

அந்த நேரத்தில் காளிங்கன் வெளியே வந்தது.

இரண்டு வாரப் பட்டினிக்குப் பிறகு, வாசலில், அறுபது பேர் சாப்பாடு, டோக்கன் வரிசைப்படி. கனவு என்று நினைத்துக் கண்ணைத் தேய்த்தது. தேய்த்துவிட்டு, பழக்கதோஷத்தில், மலை அதிர ஓர் உறுமல் உறுமியது.

யாரும் ஓடவில்லை.

"குட்மார்னிங் சார்" என்றது வரிசை.

"கோவக்காரரு போல" என்று கேளையாடு முயலிடம் கிசுகிசுத்தது. "அப்படித்தான் இருப்பாங்க. நாம கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும்."

காளிங்கன் குழம்பியது. ஓடாத இரையை எப்படிப் பிடிப்பது என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. நடுவில் இருந்த ஒரு கொழுத்த முயலைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு ஓரடி வைத்தது. அவ்வளவுதான், அறுபது பேரும் பொங்கிவிட்டார்கள்.

"சார்! அவருக்கு முப்பத்தி நாலாவது டோக்கன் சார்!"

"தெரிஞ்சவங்கன்னா நடுவுல கூப்பிடுவீங்களா? எங்களப் பாத்தா எப்படித் தெரியுது?"

காளிங்கன் இரண்டடி பின்வாங்கியது. அத்தனை காலமும் அது யாருக்கும் பயந்ததில்லை. "சரி, சரி" என்றது. "முதல் டோக்கன் யாரு?"

"நான்தான் சார், கோமளம். சருகுமான் மகளிர் குழு." இரண்டு நகலையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் முன்னால் போனாள்.

"உள்ளே வா" என்றது காளிங்கன். "இன்னும் உள்ளே." வாய் மெல்லத் திறந்தது.

சுருளாண்டியின் முதுகு தானாக வளைய ஆரம்பித்தது. தலை வயிற்றை நோக்கி இறங்கியது. சுருண்டால் அவன் பிழைத்துக்கொள்வான்; எந்தச் சிறுத்தைப் பல்லும் இறங்காது. ஆனால் விரியச் சொல்லி முதுகில் தட்ட யாரும் இருக்க மாட்டார்கள். முக்கால்வாசி சுருண்ட நிலையில், வயிற்றுக்கும் மூக்குக்கும் நடுவில் போனைப் பிடித்துக்கொண்டு, நகத்தால் மேப்பில் இரண்டே வார்த்தை அடித்தான்.

'சர்வர் டவுன்.'

'ஏற்கப்பட்டது' என்றது தவளை, அவன் நகத்தை எடுப்பதற்குள்.

அறுபது போன்கள் ஒரே நேரத்தில் 'டிங்' என்றன.

"ச்சே!" என்றது வரிசை. அதில் ஆத்திரம் இருந்தது, ஆச்சரியம் துளிகூட இல்லை. "எனக்குக் காலையிலயே தெரியும்." "இவங்க எப்பவுமே இப்படித்தான்." "வாங்க போவோம், திங்கக்கிழமை பாத்துக்கலாம்." டோக்கன் இலைகளைப் பத்திரமாக மடித்துக்கொண்டு ஒவ்வொருவராக இறங்க ஆரம்பித்தார்கள். 'யார் சொன்னது, எந்த சர்வர், சிறுத்தைக் குகையில் சர்வர் எதற்கு' என்று ஒரு முயல்கூடக் கேட்கவில்லை.

கோமளத்தின் முன்னங்கால் இரண்டும் குகைக்குள் இருந்தன. மேலே பல். அவள் தன் போனைப் பார்த்தாள்.

"சார், சர்வர் டவுனாமே?"

காளிங்கன் திறந்த வாயோடு தன்னுடைய போனை எடுத்துப் பார்த்தது. ஒரு முறை படித்தது. மேலே தேய்த்து மறுபடி படித்தது. வாயை மூடிக்கொண்டது.

"ஆமா" என்றது. "டவுன்தான் போட்டிருக்கு."

"எப்ப சார் வரும்?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? நீயே பாத்துட்டு வா." நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது. "எனக்கும் காலையிலேர்ந்து ஒண்ணும் ஓடல."

திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது.

கோமளம் வெளியே வந்து, பாதையில் கிடந்த பந்தின் முதுகில் இரண்டு தட்டு தட்டினாள். மலை இறங்குகிற வரைக்கும் பேசிக்கொண்டே வந்தாள்.

"சிறுத்தைன்னியே அண்ணே, பாவம் எவ்வளவு பொறுமையா பதில் சொன்னாரு. நம்ம நேரம், சர்வர் இல்ல. நீ எதையும் கண்ணால பாத்தேன்னு சொல்லிக்கிட்டுத் திரியாதே. மேப்பப் பாரு."

அந்த வாரமே சுருளாண்டிக்கு 'மிகவும் நம்பகமான தொகுப்பாளர்' என்று மேப்பில் ஒரு தங்க நட்சத்திரம் கொடுத்தார்கள். நாலாம் நிறுத்தத்தின் சர்வர் இன்றுவரை வரவில்லை. காளிங்கன் தினமும் காலையில் எழுந்ததும் போனைப் பார்க்கிறது. பார்த்துவிட்டு, ஓடையில் நண்டு பிடிக்கப் போகிறது.

நீதி: ஆபத்து என்று சொன்னால் ஆதாரம் கேட்பார்கள். சர்வர் டவுன் என்று சொல்லுங்கள். ஆபத்தே திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்ளும்.